முதலாவது பாடத்தைப் பாய்ந்து போகாதீர்கள்

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உயர்தரத்துக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்துப் படிக்கும் மாணவர்களுக்கு



உங்கள் பாடத்திட்டத்தின் தொடக்கத்தில் ஒரு சிறிய பகுதி இருக்கிறது. பதம் என்றால் என்ன, எடுப்பு என்றால் என்ன, ஒரு வாதத்தில் எடுகூற்று எது, முடிவு எது என்று அது சொல்லும். ரியூசன் வகுப்பில் அது ஒன்றிரண்டு கிழமையில் முடிந்துவிடும். வரைவிலக்கணங்களைக் கொப்பியில் எழுதுவீர்கள், பாடமாக்குவீர்கள், பிறகு நியாயத்தொடைக்கும் குறியீட்டு அளவையியலுக்கும் போய்விடுவீர்கள். "அது லேசான பகுதி சேர், கடைசியில பார்ப்பம்" என்று சொல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். கடினமான பகுதியில் புள்ளி போய்விடுமோ என்ற அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் அந்த முதல் பகுதியில் இன்னும் கொஞ்சக் காலம் நில்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மனிதர் இரவில் வீட்டைவிட்டு ஓடியதற்கும், பக்கத்து ஊரோடு பேச்சு அறுந்ததற்கும் பின்னால் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, கேட்ட வசனம் யாரைப் பற்றியது, எத்தனை பேரைப் பற்றியது, எதைச் சொல்கிறது என்று ஒருவரும் நின்று பாராதது. அந்த முதல் பகுதி முழுக்க இந்தக் கேள்விகளைப் பற்றியதுதான்.

எடுப்பிலிருந்து தொடங்குவோம். உண்மை என்றோ பொய் என்றோ சொல்லக்கூடிய வசனம் எடுப்பு. "கல்லடிப் பாலத்தடிக்கு வா" என்பது எடுப்பு ஆகாது. "மீன் பாடுமா?" என்பதும் ஆகாது. "பாலத்தடியில் இரவில் ஒரு சத்தம் கேட்கும்" என்பது எடுப்பு. இதுவரை எல்லாருக்கும் தெரியும். இப்போது ஒன்று கேட்கிறேன். "மட்டக்களப்பின் பாடும் மீன்" என்பது எடுப்பா?

அது ஒரு பதம். அதற்கு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் அதற்குள்ளே இரண்டு எடுப்புகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன: சத்தம் செய்வது மீன், அது செய்வது பாட்டு. பதமாக வந்துவிட்டால் எவரும் அவற்றை ஆராய்வதில்லை. "மீன் ஏன் பாடுகிறது?" என்று ஒரு சுற்றுலாப் பயணி கேட்டால் நாம் காரணம் தேடத் தொடங்கிவிடுகிறோம், மீன்தானா என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இதைத்தான் விசாரித்தார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் அதை எழுதியிருக்கிறார். நிலவு ஏறிய பின், ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரேயுள்ள துறைப் பக்கமாக மீனவரோடு தோணியில் போனார். நீரின் ஆழத்திலிருந்து மெல்லிய ஒலிகள் பல, ஒன்றோடொன்று கலவாமல் தெளிவாகக் கேட்டன. தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெருகியது. தோணியை நகர்த்தினால் சில இடங்களில் கூடியது, சில இடங்களில் அறவே நின்றது, பழைய இடத்துக்குத் திரும்பியதும் மறுபடி கேட்டது. கரையிலுள்ள பூச்சிகளின் சத்தம் எதிரொலிப்பதாக இருக்குமோ என்ற ஐயத்தையும் அவர் தள்ளினார்: கோட்டையும் அதன் கட்டடங்களும் கரைச் சத்தத்தை மறிக்கும் இடங்களில்தான் ஒலி மிகத் தெளிவாகக் கேட்டது.

எனக்குப் பிடித்த பகுதி அடுத்ததுதான். மீனவரிடம் அவர் கேட்டபோது, அவர்கள் மீன் என்று சொல்லவில்லை. ஊரி என்னும் சங்கினம் என்றார்கள். கோடையில் கேட்கும், மழைவெள்ளம் வாவியில் இறங்கினால் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். வாவியை நாளும் பொழுதும் அறிந்தவர்கள் சொன்னது இது. நம் ஊரின் பெருமையாக நாம் சொல்லிக்கொள்ளும் பெயரோ மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஊரி பற்றிய கூற்று எழுத்தில் வந்து 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயர் அசையவில்லை.

மீனவர் சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சத்தம் கேட்கிறது என்பது காண்டல். அது நீருக்குள்ளிருந்து வருகிறது என்பது சோதித்து அறிந்தது. கோடையில் உண்டு, வெள்ளத்தில் இல்லை என்பது பல காலம் கேட்டுத் தொகுத்தது. வெள்ள காலத்தில் ஒரு நாள் தெளிவாகக் கேட்டால் அது தளர்ந்துவிடும். அதை நான் குறையாக நினைக்கவில்லை. தவறாகிப்போகும் வழியைத் தானே காட்டிக்கொண்டு நிற்கும் எடுப்பு மதிப்புள்ளது. ஊரிதான் செய்கிறது என்பது விளக்கம், மற்ற மூன்றையும்விடத் தளர்வானது. அந்த இடத்து ஊரிகளை ரெனன்ட் எடுத்துப் பார்த்தார், உண்மை. ஆனால் "இங்கே ஊரி இருக்கிறது, இங்கே சத்தம் கேட்கிறது, ஆகவே ஊரிதான் சத்தமிடுகிறது" என்ற வாதத்தை நீங்கள் ஏற்பீர்களா? அதே இடத்தில் மட்டியும் இருக்கிறது, இறாலும் இருக்கிறது, மீனும் இருக்கிறது. நான்கு எடுப்புகளும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தவை. ஒன்றை நம்பினால் நான்கையும் நம்பவேண்டும் என்றில்லை, ஒன்று தவறினால் நான்கும் தவறும் என்றுமில்லை. "நானும் போனேன், ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் கட்டுக்கதை" என்று சொல்லிவிட்டு வரும் இளைஞர்களுக்கும் இதே விடைதான். எந்த மாதம் போனார்கள், நீரில் காதை வைத்தார்களா, பாலத்தில் வாகனம் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேளுங்கள்.

இந்த வகைச் சோதனை மேல்நாட்டிலிருந்து வந்த பாடம் என்று நினைக்கவேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையை எடுத்துப் படியுங்கள். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் அளவையியல் அங்கே இருக்கிறது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகும் என்று வகை வகையாகச் சொல்வார். பக்கப் போலிகளில் ஒன்று அப்பிரசித்த விசேடியம். எதைப் பற்றி நீ பேசுகிறாயோ அந்தப் பொருளையே எதிராளி இன்னும் ஏற்கவில்லை என்றால், அதைப் பற்றி நீ கூறுவது வாதத்தின் தொடக்கமாக நிற்காது என்பது அதன் கருத்து. பாடும் மீனின் சிக்கல் அப்படியே இதுதான். இன்னொன்று அப்பிரசித்த விசேடணம்: பொருளை இருவரும் ஏற்கிறோம், ஆனால் அதன்மேல் நீ ஏற்றும் பண்பு எனக்குப் பழக்கமில்லாதது. இருவரும் ஒரே பதத்தை ஒரே பொருளில் எடுத்துக்கொள்ளாத வரைக்கும் வாதம் தொடங்கவே இல்லை என்று ஒரு தமிழ்க் காப்பியம் பாத்திரத்தின் வாயால் பாடம் நடத்துகிறது. நம் பள்ளிகளில் மணிமேகலை தமிழ்ப் பாடத்தோடு நின்றுவிடுவது எனக்கு நீண்ட காலக் கவலை. அளவையியல் ஆசிரியர்கள் அந்த ஒரு காதையை மட்டுமாவது வகுப்புக்குக் கொண்டுவரவேண்டும்.

பதங்கள் கடினமாக இருக்கின்றன என்று சொல்வீர்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் பெற்ற மனிதர் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியது, தமிழ்ப் பிள்ளை தன் மொழியிலேயே விஞ்ஞானம் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான். நீங்கள் இந்தப் பாடத்தைத் தமிழில் எழுதிச் சித்தி பெறுவதில் அந்தத் தலைமுறையின் உழைப்பு இருக்கிறது.

இனி நம் கோயில்களுக்கு வருவோம். வைகாசியில் செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் இன்னும் பல ஊர்களிலும் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, குளிர்த்தி வரை சடங்கு நடக்கும்போது வழக்குரை படிக்கிறார்கள். ஏட்டில் இருந்த கண்ணகி வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்துத் தந்திருக்கிறார். வழக்குரை படிக்கும்போது அழுபவர்களைப் பார்த்திருப்பீர்கள், உருவேறி ஆடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையின் நடுவில் ஒரு தவறான நியாயத்தொடையும் அதை உடைத்த ஒரு சரியான சோதனையும் இருக்கின்றன. கோயிலுக்கு வராத பிள்ளைகளுக்கும் சிலப்பதிகாரக் கதை தெரிந்திருக்கும் என்பதால் அந்தக் கதையை வைத்தே சொல்கிறேன்.

பொற்கொல்லன் அரசனிடம் கொண்டுபோன வாதத்தை எழுதிப் பாருங்கள். அரசியின் காற்சிலம்பு இன்ன வேலைப்பாடு உடையது. இவன் கையிலுள்ள சிலம்பும் அந்த வேலைப்பாடு உடையது. ஆகவே இவன் கையிலுள்ளது அரசியின் சிலம்பு. உங்கள் நூலில் மத்திய பதம் பற்றிய போலி என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் இது. "அந்த வேலைப்பாடு உடையவை" என்ற வகுப்பின் முழுமையும் எந்த எடுகூற்றிலும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அந்த வகுப்பில் அரசியின் சிலம்பும் இருக்கலாம், கண்ணகியின் சிலம்பும் இருக்கலாம், வேறு பத்துச் சிலம்பும் இருக்கலாம். இரண்டு எடுகூற்றும் உண்மை. முடிவு பொய். கோவலன் செத்தான். தவறான வாதத்தில் உண்மையான எடுகூற்றுகளிலிருந்தும் பொய்யான முடிவு வரும் என்று உங்களுக்குச் சொல்லித்தரும்போது பெரும்பாலும் நாயையும் பூனையையும் உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு இந்த உதாரணம் போதும்.

கண்ணகி அவையில் என்ன செய்தாள்? என் கணவன் நல்லவன் என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. அது உண்மையாக இருந்தாலும் அந்த இடத்தில் எதையும் தீர்க்காது. இரண்டு சிலம்பும் வெளியில் ஒன்றுபோல் இருப்பதால், இரண்டையும் பிரிக்கும் ஒரு பண்பைத் தேடினாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எம் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் சொன்னான். சிலம்பு உடையுமுன்பே இருவரும் தங்கள் எடுப்புகளைச் சபையில் வைத்துவிட்டார்கள். பிறகு இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று எவரும் விலக முடியாது. ஒரே சிலம்பில் இரண்டு எடுப்பும் உண்மையாக இருக்க முடியாது. சிலம்பு உடைந்தது. அந்தப் பாண்டியனை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். விசாரிக்காமல் கொன்றது பெரும் பிழை. ஆனால் சோதனை அவனுக்கு எதிராக வந்தபோது அவன் அதை ஏற்றான். சோதனைக்கு முன் சொன்ன சொல்லுக்குச் சோதனைக்குப் பின்னும் கட்டுப்பட்ட ஆட்சியாளரை நம் காலத்தில் எங்கே தேடுவது?

வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் பற்றியும் ஒரு வார்த்தை. மாரியில் வயல் நீரில் மூழ்கும்போது, ஆற்றுவாயை வெட்டு என்று படுவான்கரை விவசாயிகள் கேட்பார்கள். உப்புநீர், இறால், மீன் வரத்து என்று வேறு கணக்குகளும் வரும். கச்சேரியில் கூட்டம் நடக்கும். அந்த வாக்குவாதங்களில் நான் அடிக்கடி கேட்பது ஒன்று: "வெட்டினால் வெள்ளம் வடியும், ஆகவே வெட்டாவிட்டால் வடியாது." முதற்பாதி உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் பிற்பாதி அதிலிருந்து வராது. நீரின் அழுத்தத்தில் மணல்மேடு தானாகவும் உடையும். வாவிக்குப் பாலமீன்மடுப் பக்கத்தில் ஒரு வாய், கல்லாற்றுப் பக்கத்தில் ஒரு வாய் என்று இரண்டு உண்டு. வெட்டுவது போதிய நிபந்தனையா, அவசியமான நிபந்தனையா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு யார் நட்டப்படுகிறார், யார் இலாபப்படுகிறார் என்று வாதாடினால் கூட்டம் பாதி நேரத்தில் முடியும். "வெள்ளம்" என்ற பதத்தை இரு தரப்பும் எந்த நீர்மட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்பதும் எவரும் கேட்காத கேள்வி.

இதுவரை சொன்னவை எளியவை. இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலை எழுதியதில் பயனில்லை.

எடுப்புகளை நிறைவிதி, நிறைமறை, குறைவிதி, குறைமறை என்று நான்காகப் படிக்கிறீர்கள். எல்லா, எந்த, சில என்ற சொற்கள் எழுவாய்க்கு முன்னால் இருக்கும் என்று படிக்கிறீர்கள். வீட்டிலும் சந்தையிலும் பஸ்ஸிலும் அந்தச் சொற்கள் இருப்பதில்லை. "முஸ்லிம்கள் இப்படித்தான்." "தமிழர்கள் இப்படித்தான்." "சிங்களவர்கள் இப்படித்தான்." எல்லாருமா, சிலரா? வசனம் சொல்லாது. சொல்பவர் சிலரை மனதில் வைத்துச் சொல்வார், கேட்பவர் எல்லாரையும் மனதில் வாங்கிக்கொள்வார். மறுத்துக் கேட்டால் "நான் எல்லாரையும் சொல்லயில்ல" என்பார். கேட்காவிட்டால் எல்லாருமாகவே நின்றுவிடும். அளவு மறைந்த எடுப்பு பிடிபடாமல் இரண்டு பக்கமும் ஓடும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் சிறுபிள்ளைகள் பலர். அந்தத் துக்கத்தின் முன் எந்தப் பாடமும் சிறியதுதான். அந்த நாட்களில் என் காதில் விழுந்த வசனங்களை மட்டும் சொல்கிறேன். "குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள்." அன்று நாடெங்கும் குண்டு வைத்தவர்களைப் பற்றி அது உண்மை. அடுத்த நாளே எழுவாயும் பயனிலையும் இடம் மாறின: "முஸ்லிம்கள் குண்டு வைப்பவர்கள்." நிறைவிதி எடுப்பை அப்படியே திருப்பிப் போட முடியாது என்பது உங்கள் பாடத்தில் இருக்கிறது. எல்லா அ-வும் ஆ என்றால் சில ஆ அ என்று மட்டுமே வரும். இரண்டு புள்ளிக் கேள்வி. அந்த இரண்டு புள்ளிக் கேள்வியில் நாடு தவறியதால், குண்டோடு ஒரு தொடர்புமில்லாத மனிதரின் கடைக்கு ஆட்கள் போவது நின்றது. அருகிலுள்ள முஸ்லிம் ஊரைக் காட்டி, "காத்தான்குடிக்குத் தெரியும்" என்றும் சொன்னார்கள். ஊர் என்பது ஒரு தொகுதிப் பதம். காத்தான்குடி நெருக்கமான ஊர் என்று சொன்னால் அது தொகுதியைப் பற்றி உண்மை. ஒவ்வொரு மனிதரும் நெருக்கமானவர் என்று அதற்குப் பொருளில்லை. தெரியும் என்ற வினையோ தனித்தனி மனிதருக்கு உரியது. யாருக்குத் தெரியும் என்று பெயர் சொல்ல முடியாதபோது ஊரின் பெயரைச் சொல்கிறோம்.

காத்தான்குடிப் பிள்ளைகளே, இதை உங்கள் பக்கம் நின்று மட்டும் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி உங்கள் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றது விடுதலைப் புலிகள். உங்கள் வீடுகளில் அது சொல்லப்படும்போது எழுவாய் என்னவாக இருக்கிறது என்று கவனியுங்கள். "தமிழர்கள் கொன்றார்கள்" என்று இருந்தால், அதே நிறைவிதி உங்கள் வீட்டிலும் குடியிருக்கிறது. அதற்கு ஒரு மாதத்துக்குப் பின், செப்டெம்பர் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டார்கள். பிழைத்தவர் இராணுவத்தைக் குற்றம் சாட்டினார். அந்தக் கதை தமிழ் வீடுகளில் எந்த எழுவாயோடு சொல்லப்படுகிறது? செய்தவன் பெயரைக் குறுக்கிச் சொல்வது இழந்தவர்களுக்குச் செய்யும் குறை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எழுவாய் பெரிதாகப் பெரிதாகச் செய்தவன் அதற்குள் ஒளிந்துகொள்கிறான். எல்லாரும் செய்தார்கள் என்றால் விசாரிக்க ஆளில்லை.

கேள்விகளைப் பற்றியும் பேசவேண்டும். கேள்வி எடுப்பாகாது என்று படித்தீர்கள். ஆனால் கேள்விக்குள் எடுப்பை ஒளித்துக் கொண்டுவரலாம். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. அது மலடாக்கும் மருந்து என்று சாப்பிட வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு, மருந்து போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவர் பயத்தில் ஆமென்பதுபோல் ஏதோ சொன்னார். அதைக் கைபேசியில் படம் பிடித்தார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. படம் நாடெங்கும் ஓடியது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைச் சோதித்து, அது மா என்று சொன்னார். உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மருந்தே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது.

மருந்து போட்டாயா என்ற கேள்விக்குள் எத்தனை எடுப்புகள்? அப்படியொரு மருந்து உண்டு. இந்தக் கட்டி அதுதான். இதை ஒருவர் வேண்டுமென்று போட்டிருக்கிறார். அவர் இந்தக் கடையைச் சேர்ந்தவர். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் முதல் இரண்டையும் ஏற்றதாகிவிடும். மணிமேகலையின் 30ஆம் காதை கேள்விக்கு விடை சொல்லும் வழிகள் நான்கு என்கிறது: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய் வாளாமை. ஆகாயப் பூ புதிதா பழையதா என்று கேட்டால் பேசாதிருத்தலே விடை. கேள்விக்குள் பல கேள்விகள் இருந்தால் கூறு கூறாகப் பிரித்துப் பதில் சொல்லவேண்டும். ஆனால் பிள்ளைகளே, நள்ளிரவில் கும்பல் நடுவே நிற்கும் ஒரு மனிதர் கூறிட்டு மொழியவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. கூறிட்டுப் பார்க்கவேண்டியவர் கைபேசி வைத்திருந்தவர். அதைவிட, அந்தப் படத்தை அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் வாங்கியவர். அவருக்கு முன்னால் கும்பல் இல்லை. நேரம் இருந்தது. உங்களில் எவரும் இனி நிற்கப்போவது பெரும்பாலும் அந்த இரண்டாமவரின் இடத்தில்தான்.

2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்று நாடு பயந்தது. கிழக்கில் பயம் பெரிது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசியவன் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்று கதை. சில ஊர்களில் இரவில் எவரும் வெளியே வரவில்லை, சில ஊர்களில் பொலிஸோடும் படையினரோடும் மோதல் வந்தது, அந்நியரென்று கருதப்பட்டவர்கள் அடிபட்டார்கள்; புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். அந்தக் கதை வெறும் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த நாட்களில் முறையிட்ட பெண்கள் உண்டு. தனித்தனியே எழுதியிருந்தால் ஒவ்வொரு முறைப்பாடும் ஓர் எடுப்பு: இன்ன இரவு, இன்ன வீட்டில், இன்ன உயரமுள்ள ஒருவன். ஆராயலாம், சிலது உண்மையாகும், சிலது பொய்யாகும். எல்லாவற்றையும் கிறீஸ் பூதம் என்ற ஒரு பதத்துக்குள் போட்டபோது, நம்பியவர் எல்லாவற்றையும் நம்பினார், சிரித்தவர் எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளினார். உண்மையில் ஒருவன் வந்து ஒரு பெண்ணைத் தாக்கியிருந்தால், அவன் அந்தப் பெயரின் மறைவில் தப்பிப் போனான். அந்தப் பெண்களுக்கு நடந்த அநியாயம் பயத்தால் மட்டும் வந்ததென்று நான் நினைக்கவில்லை, பதத்தாலும் வந்தது.

இப்போது நான் கேட்பது. ஆரையம்பதியும் காத்தான்குடியும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். ஏறாவூரும் செங்கலடியும் ஒரே வீதியில் இருக்கின்றன. மண்முனைப் பாலம் வந்தபின் கொக்கட்டிச்சோலைப் பிள்ளைக்கு எழுவான்கரை தூரமில்லை. இந்த ஊர்களின் பள்ளிகளில் அளவையியல் வகுப்புகள் நடக்கின்றன; ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், ஒரே மொழி. ஒரு தவணையில் ஒரு மாதம், வகுப்பில் ஒரு கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். மற்றச் சமூகத்தைப் பற்றி உங்கள் வீட்டிலோ கடையிலோ கைபேசியிலோ வந்த வசனங்களைக் கேட்டபடியே, திருத்தாமல் அதில் எழுதுங்கள். பக்கத்திலேயே எழுவாய் யார், எல்லாரா சிலரா, சொன்னவருக்கு எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். மாதம் முடிய, பக்கத்து ஊர்ப் பள்ளி அளவையியல் வகுப்போடு கொப்பியை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் வசனங்களை எடுப்புகளாக்கட்டும், நீங்கள் அவர்களுடையதை. சில பக்கங்களைப் படிக்க நெஞ்சு நோகும். ஆசிரியர்மார் பக்கத்தில் இருக்கவேண்டும், அவர்களோடும் அதிபர்மாரோடும் முன்கூட்டியே பேசுங்கள். சொன்னவரின் பெயரை மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதவேண்டாம். உங்கள் வாப்பாவாகவோ அம்மம்மாவாகவோ அவர் இருக்கலாம், வசனம் இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் பாடத்தைப் படிப்பித்த ஓர் ஆசிரியர்